வேனுக்குள் வராத சூடு

நம் ஊருக்கு எதற்கு ஹீட்டர் என்று கேட்ட அந்தப் பெரிய மனிதரை, ஒரு மார்கழி விடியலில், கெலமங்கலம் ரோட்டில், எங்கள் வேனின் பின்பக்கத்தில் உட்கார வைத்திருக்க வேண்டும். ஒரே ஒரு தடவை போதும். அவர் மெட்ராஸில் இருந்தார். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, எங்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்கிறவர்களில் ஒருவர். இத்தனை வருஷம் கழித்தும் அவரை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஐம்பதுகளில் நான் ஓசூர்ப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். பிரசவம் பார்ப்பதுதான் என் வேலை. சொந்த ஊர் சேலம். சேலத்து வெயிலில் வளர்ந்த உடம்புக்குக் குளிர் என்றால் மழை நாளில் போர்வையை இழுத்துக்கொள்வது, அவ்வளவுதான். ஓசூருக்கு வந்த முதல் மார்கழியில் குளிர் என்றால் என்ன என்று தெரிந்தது. விடிகாலையில் பனி இறங்கி ரோடே காணாமல் போய்விடும். எதிரே மாட்டுவண்டி வருவது அதன் மணிச் சத்தத்தில்தான் தெரியும். மூக்கு நுனி இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

எங்களிடம் ஒரு வேன் இருந்தது. ஜெர்மனியில் யாரோ நல்லவர்கள் சேர்ந்து வாங்கி அனுப்பியது என்று சொன்னார்கள். கப்பலிலிருந்து இறங்கிய வண்டி நேராக எங்களிடம் வந்துவிடவில்லை. முதலில் மெட்ராஸில் தலைமை ஆபீஸில் ஓடியது. அங்கே பெரியவர்கள் ஏறி இறங்கி, உப்புக் காற்றில் அடிப்பாகமெல்லாம் துருப்பிடித்து, பின்கதவு ஒருபக்கமாகத் தொங்கிப்போன பிறகுதான், மலையோரத்து ஏழைகளுக்கு உதவட்டும் என்று எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்கள். புதிதாக இருந்த வரைக்கும் ஏழைகள் ஞாபகம் யாருக்கும் வரவில்லை.

விசித்திரமான வண்டி அது. எஞ்சின் பின்னால் இருந்தது. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீரே ஊற்ற வேண்டாம். உள்ளே ஒரு விசிறி காற்றை ஊதி ஊதி எஞ்சினைக் குளிர வைக்கும். ஒரு தடவை ராயக்கோட்டைச் சந்தையில் வண்டி நின்றுவிட்டபோது, உதவி செய்ய வந்த ஒரு லாரி கிளீனர் வாளித் தண்ணீரோடு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, ஊற்றுகிற வாயைத் தேடினான். இதற்குத் தண்ணீர் வேண்டாம் என்று எங்கள் டிரைவர் சொன்னதும், "தண்ணியே குடிக்காதா? இது எந்த ஊரு சாமியாரு?" என்று கேட்டுவிட்டு வாளியைத் தன் காலிலேயே கவிழ்த்துக்கொண்டு போனான்.

முன்னால் டிரைவர். அவருக்குப் பக்கத்தில் டாக்டர். அவர்கள் முதுகுக்குப் பின்னால் கூரை வரைக்கும் ஒரு தகரத் தடுப்பு. அதில் சிலேட்டுப் பலகை அளவுக்கு ஒரு கண்ணாடி ஜன்னல், தள்ளித் திறக்கிற மாதிரி. தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள்: நான், தரையில் ஒரு ஸ்ட்ரெச்சர், அதில் வலியெடுத்தவளோ பெற்றவளோ, மருந்துப் பெட்டி, தரை கழுவுகிற லைசால் மருந்தின் நாற்றம். தொங்கிப்போன பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். அந்த இடுக்கு வழியாகப் பனி உள்ளே வரும்.

டாக்டரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கைராசிக்காரர். பிழைக்க மாட்டாள் என்று நான் நினைத்த பெண்களை எழுப்பி உட்கார வைத்திருக்கிறார். ஆனால் முன் சீட் அவருடையது. அந்தக் காலத்தில் எந்த வண்டியிலும் அப்படித்தான். தாசில்தார் ஜீப்பானாலும், பண்ணைக்காரர் காரானாலும், முன் சீட் என்பது ஒருவருடைய மரியாதை. எங்கள் வேனில் அந்தச் சீட்டுக்கு மட்டும் வெள்ளைத் துணியில் உறை, ஓரத்தில் நீல நூலில் பூவேலை. டாக்டர் வராத நாட்களில் அவருடைய தோல்பை அங்கே உட்கார்ந்து வரும். நான் பின்னால் ஸ்ட்ரெச்சர் ஓரத்தில் குந்தியிருப்பேன், பை முன்னால் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும். அப்போது எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

வாரத்துக்கு ஒரு முறை கெலமங்கலத்துக்கு அந்தப் பக்கம் கிராமங்களுக்குப் போவோம். மதியம் கிளம்பி, ஊர் ஊராகப் பார்த்து, ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கி, விடிந்ததும் திரும்புவோம். திரும்பும்போது ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியவர்களை ஏற்றிக்கொண்டு வருவோம்.

அப்படி ஒரு மார்கழியில் ஒரு குழந்தையை ஏற்றிக்கொண்டு வந்தோம். மாதம் நிறையாமல் பிறந்தது, கைக்கு அடக்கமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்று ஒரு மரப்பெட்டி செய்து, சுற்றிலும் வெந்நீர் பாட்டில்களை வைத்துச் சூடாகவே வைத்திருப்போம். அதில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டால் பாதிக்குப் பாதி பிழைத்துவிடும். போய்ச் சேரும் வரைக்கும் உடம்புச் சூடு இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் விஷயம். பஞ்சில் சுற்றினேன். ரப்பர் பாட்டிலில் வெந்நீர் பிடித்துப் பக்கத்தில் வைத்தேன், பாதி வழியில் அது பச்சைத் தண்ணீராகிவிட்டது. தாயின் மார்போடு சேர்த்துக் கட்டினேன், அவளே விறைத்துப்போயிருந்தாள். என் சேலைக்குள் வைத்துக்கொண்டேன், நானும் விறைத்துப்போயிருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினபோது மூச்சில்லை. அந்தக் குழந்தைக்கு நோய் என்று எதுவும் இல்லை. குளிர்ந்துபோனது.

டாக்டர் கழுத்து மப்ளரை அவிழ்த்துக்கொண்டே, "கொறமாசம் சிஸ்டர். நம்ம கையில என்ன இருக்கு?" என்றார். எனக்கு அவர் கையில் இருந்த மப்ளர்தான் கண்ணில் பட்டது.

அன்று சாயங்காலம் வேனைக் கழுவிக்கொண்டிருந்த டிரைவரிடம் போய் நின்றேன். கிருஷ்ணகிரிக்காரர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். பனி கொட்டுகிற தேசத்தில் செய்த வண்டியில் உள்ளே சூடு பண்ண ஒரு வழியும் வைக்காமலா விட்டிருப்பார்கள் என்று கேட்டேன்.

"வெச்சிருந்தாங்கம்மா. மெட்ராஸ்ல அடைச்சிட்டாங்க" என்றார்.

வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொல்லிக் காட்டினார். எஞ்சினைக் குளிர வைக்கிற காற்றில் கொஞ்சம், புகைக்குழாயைச் சுற்றியிருக்கிற தகரக் கூட்டுக்குள் புகுந்து சூடாகும். அந்தச் சூடான காற்று, அடியில் நீளமாக ஓடுகிற ஒரு பைப் வழியாக முன்னால் போய் உள்ளே வரும். திறக்கவும் மூடவும் டிரைவர் பக்கத்தில் ஒரு திருகு. எல்லாமே இருந்தது. மெட்ராஸ் வெயிலில் யாரோ ஒரு பெரியவருக்குக் கால் வெந்ததாம். பட்டறைக்காரனைக் கூப்பிட்டு அடைக்கச் சொல்லியிருக்கிறார். அவன் மூடியைக் கம்பியால் இறுக்கிக் கட்டி, திருகுக்குப் போகிற கம்பியை வெட்டி, பைப்பின் வாயில் சாக்கைத் திணித்துவிட்டான். பிறகு அதே வண்டியைக் குளிர்கிற ஊருக்கு அனுப்பினார்களே, அதை யாராவது திறந்துவிட்டார்களா? கேட்டால் ஞாபகம் இல்லை என்பார்கள். அவர்கள் மறந்த மறதிக்கு இங்கே ஒரு குழி வெட்டினோம்.

சித்திரையில் அந்த மெட்ராஸ் பெரிய மனிதர் ஆஸ்பத்திரியைப் பார்வையிட வந்தார். வேனுக்கு ஹீட்டர் வேண்டும் என்று அவரிடம் கேட்கும்படி டாக்டரிடம் சொன்னேன். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

"நம்ம ஊருக்கு எதுக்கு ஹீட்டர்? ஐஸ் பெட்டி கேட்டாலும் அர்த்தம் இருக்கு."

டாக்டரும் கூடச் சிரித்தார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். மார்கழியில் ஒரு குழந்தை செத்தது என்று சொன்னேன். குறைமாதம் என்று டாக்டர் அவருக்கு விளக்கினார். பெரியவர் என்னைப் பார்த்து, இரக்கப்படுகிற முகத்தோடு தலையை ஆட்டிவிட்டு, வண்டி வெளிநாட்டுச் சபையின் சொத்து, அதில் துளை போடுவது, வெட்டுவது எதுவும் கூடாது என்று டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போனார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்ய? அவருக்கு டீ கொண்டுவந்து கொடுத்ததும் நான்தான்.

துளைதானே போடக் கூடாது. அடைத்ததைத் திறக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லையே. மழைக்காலம் முடிவதற்குள் செய்துவிட வேண்டும் என்று நானும் டிரைவரும் இறங்கினோம்.

அவர் கெட்டிக்காரர், பயந்தவரும்கூட. முதலில் அவர் பார்த்தது புகைக்குழாயை. "இதுல ஒரு கீறல் இருந்தாலும் பொக உள்ள வந்துரும்மா. மூக்குக்கே தெரியாது. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அப்படியே போய்ச் சேர்ந்துருவோம்" என்றார். எஞ்சினை ஓட விட்டு, புகை வருகிற வாயை ஈரத் துணியால் அமுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டேன். அவர் இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் குமிழி கிளம்பியது. கிருஷ்ணகிரியில் லாரிப் பட்டறைக்குக் கொண்டுபோய் அதைப் பற்றவைத்துக்கொண்டு வந்தார். தகரக் கூட்டுக்குள் அப்பியிருந்த எண்ணெய் அழுக்கைச் சுரண்டி எடுத்தார். வெட்டிப்போட்ட கம்பிக்குப் பதிலாக சைக்கிள் பிரேக் கம்பியைப் போட்டார். திணித்திருந்த சாக்கை இழுத்தபோது, அதற்குள் எலி குட்டி போட்டிருந்தது. அந்த வண்டியில் சௌகரியமாக இருந்த ஒரே குடும்பம் அதுதான் என்று நான் சொன்னதற்கு டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு பைப். அடியில் நீளமாக ஓடுகிற வெறும் தகரம் அது. பனிக்காற்றில் அடிபட்டுக்கொண்டே போனால் பாதி வழியிலேயே சூடு போய்விடும். துரு ஓட்டைகளைத் தகரம் வைத்து அடைத்தோம். ஆஸ்பத்திரியில் கிழிந்துபோய் ஒதுக்கிவைத்த கம்பளிகள் இருந்தன, ஆடு வளர்க்கிற குறும்பர் நெய்கிற கறுப்புக் கம்பளி. அவற்றைப் பட்டை பட்டையாகக் கிழித்துக் கொடுத்தேன். டிரைவர் மல்லாந்து படுத்து, பைப்பைச் சுற்றிச் சணலால் கட்டி, மேலே தார் பூசிய கித்தானைச் சுற்றினார். டாக்டர் அந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பைப்புக்குக் கம்பளி போத்திவிட்டாச்சு. அடுத்தது ஜுரம் பாக்கணும் போல" என்றார். கிண்டல்தான். போகட்டும் என்று விட்டேன்.

முதல் குளிர் வந்தது. வேனில் கெலமங்கலம் போய்த் திரும்பினோம். இறங்கியதும் டிரைவரிடம் ஓடினேன்.

"எப்படிண்ணா இருந்துச்சு?"

"ஜம்முனு வருதும்மா" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் விரல்கள் நீலம் பாரித்திருந்தன. "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றேன். அவர் யோசித்தார். பைப்பில் இன்னும் எங்கேயோ ஒழுகுகிறது என்றார். மறுபடி படுத்து, மறுபடி சுற்றினார். அடுத்த வாரம் போய்வந்தோம். "இந்த வாட்டி இன்னும் நல்லா வருதும்மா" என்றார். எனக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

"காது குத்தறீங்களாண்ணா எனக்கு? எங்க வருது சூடு?"

"வேணும்னா டாக்டரய்யாவக் கேளுங்க" என்று அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் ஒரு பொய்யனை நம்பி ஒரு மழைக்காலத்தை வீணடித்துவிட்டேன் என்று எனக்கு ஆத்திரம். சேலத்துக்காரிக்கு எவ்வளவு சூடு கொடுத்தாலும் போதாது என்று அவர் கம்பவுண்டரிடம் சொன்னாராம். நடுவில் இருந்த கண்ணாடி ஜன்னலில் எப்போதும் ஆவி படிந்திருக்கும். வெளியே இருக்கிற பனிதான் என்று நினைத்துக்கொண்டேன். தட்டித் திறக்கச் சொன்னால் டாக்டர் கையை ஆட்டி வேண்டாம் என்பார். லைசால் வாசனை அவருக்குக் குமட்டுமாம்.

மார்கழி திரும்பவும் வந்தது. கெலமங்கலம் தாண்டி ஒரு பண்ணையில் கூலிக்கு இருந்த சேரிக் குடும்பத்தில் ஒரு பெண் விடிகிற நேரத்தில் பெற்றாள். சின்னப் பெண், தலைப்பிரசவம். குறைமாதம்தான். பெண் குழந்தை. போன வருஷத்துக் குழந்தையைவிட ஒரு பிடி பெரிதாக இருந்ததாக எனக்குத் தோன்றியது, அல்லது அப்படி நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். அழுதது. மெதுவாகத்தான், ஆனால் அழுதது. தாய்க்குக் கன்னடம்தான் நன்றாக வரும், தமிழ் புரியும். "உசிரு இருக்குதா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

புறப்பட்டோம். பஞ்சு, வெந்நீர் பாட்டில், மார்போடு கட்டுவது, எல்லாவற்றையும் செய்தேன். எல்லாம் போன தடவை நடந்த மாதிரியே நடந்தது. பாட்டில் ஆறியது. குழந்தையின் பாதத்தைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. உதடு கறுக்கத் தொடங்கியது. அழுகை நின்றுபோயிருந்தது. தகரத் தடுப்பில் இரண்டு கையாலும் அடித்தேன். வழியில் இருந்த ஒரு ஓடையைத் தாண்டி வண்டி நின்றது.

டாக்டரின் மப்ளரையும் சால்வையையும் கேட்டு வாங்கத்தான் இறங்கினேன். பனியில் வண்டியைத் தடவிக்கொண்டே முன்பக்கம் போய்க் கதவைத் திறந்தேன்.

அடுப்பங்கரைக் கதவைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது சூடு.

டாக்டர் தூக்கக் கலக்கத்தில் இருந்தார். மப்ளர் மடித்து மடியில் கிடந்தது. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காலுறை போட்ட பாதங்களைத் தரையை ஒட்டி இருந்த ஓட்டைக்கு எதிரே நீட்டி வைத்திருந்தார். அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. நான் துணி பிடித்த, டிரைவர் படுத்துக் கிடந்த, கம்பளி சுற்றிக் கொண்டுவந்த அத்தனை சூடும் அங்கே வந்துகொண்டிருந்தது. டிரைவர் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. அவர் இருந்த இடத்தில் ஜம்மென்றுதான் வந்தது. வண்டி என்றால் அவருக்கு அந்த இரண்டு சீட். பின்னால் இருப்பது சுமை. சூடு முழுக்க முன்னாலேயே நின்றுவிடுகிறது, தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு மூச்சுக்கூட வரவில்லை என்பது அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. கூடவே இருந்த டாக்டருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

என் வாழ்க்கையில் அவ்வளவு கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. குரல் மட்டும் ஆச்சரியமாகத் தெளிவாக வந்தது.

"எறங்குங்க டாக்டர்."

"என்ன சிஸ்டர்?"

"எறங்குங்க. கொழந்தைய இங்க வெக்கணும்."

அவர் விழித்துக்கொண்டார். "கொழந்தைய மட்டும் எப்படி வெக்கறது? கீழ விழுந்துராதா?"

"தாயும் உக்காருவா."

"இங்கயா?" என்றார். டிரைவரைப் பார்த்தார். டிரைவர் ஸ்டீயரிங்கைப் பார்த்தார். "யோசிச்சுப் பேசுங்க. பெத்த ஒடம்போட அந்தப் பொண்ண ரெண்டு ஆம்பளைங்களுக்கு நடுவுல..."

"நடுவுல எதுக்கு? நீங்கதான் பின்னால வரப் போறீங்களே."

"இன்னிக்கி ஒருத்திய உக்கார வெச்சா, நாளைக்கி எல்லாரும் முன்னாலதான் உக்காருவேன்னு நிப்பாங்க சிஸ்டர். ஒரு ஒழுங்கு வேண்டாமா?"

"நிக்கட்டும். நிக்கறதுக்கு உசிரு இருந்தா நிக்கட்டும்" என்றேன். "போன வருஷம் என்ன கையில இருக்குன்னு கேட்டீங்களே. இது இருந்துச்சு. உங்க காலுக்குக் கீழ இருந்துச்சு. அத அடைச்சு வெச்சிருந்தாங்க. தொறந்தா அப்பவும் உங்க காலுக்குத்தான் வருது. எறங்குங்க. இல்லேன்னா நான் இங்கயே ரோட்டுல நிப்பேன், வண்டி நகராது."

இறங்கினார். இறங்குவதற்கு முன்னால் ஷூவைப் போட்டுக்கொண்டார். இரண்டு காலுக்கும், கயிற்றை முடிச்சுப் போட்டு. அந்த நேரம் முழுவதும் நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த முடிச்சுகளை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தாயைப் பின்னாலிருந்து மெதுவாக இறக்கிக் கொண்டுவந்தேன். முன் கதவு வரைக்கும் வந்தாள். வெள்ளை உறையைப் பார்த்தாள். நீலப்பூவைப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

"பேடம்மா" என்றாள், வேண்டாமம்மா என்று.

"ஏறு. கொழந்த குளுந்து போவுது. உக்காரு."

"பேடம்மா. நான் கீழயே குந்திக்கறேன்."

நான் அதட்டினேன். கெஞ்சினேன். அவள் என் முகத்தைப் பார்க்காமலேயே உள்ளே ஏறி, சீட்டைத் தொடாமல், அதற்கும் முன்பக்கத் தகட்டுக்கும் நடுவே இருந்த அந்தக் கால்வைக்கிற இடத்தில் குழந்தையோடு குந்தி உட்கார்ந்தாள். பெற்று அரைநாள்கூட ஆகாதவள். அங்கேதான் சூடு வந்தது. சீட்டில் உட்கார்ந்திருந்தால்கூட அந்த அளவுக்குக் குழந்தைக்குச் சூடு போயிருக்காது. காலுக்கென்று வைத்த சூடு அது. கால் இருக்கிற இடத்தில்தான் அவளால் உட்கார முடிந்தது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. குழந்தைக்கு அது நல்லதாகப் போய்விட்டதே என்று சந்தோஷப்படுவதா, அழுவதா?

இனி வாக்குவாதம் பண்ண நேரமில்லை. அவள் தலைக்கு மேல் சீட்டில் நான் ஏறி உட்கார எனக்கு மனம் வரவில்லை. பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இரு, உதட்டைப் பார்த்துக்கொண்டே இரு என்று சொல்லி, அந்தக் கண்ணாடி ஜன்னலை டிரைவரை முழுசாகத் திறக்கச் சொல்லிவிட்டு, பின்னால் வந்து அதன் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு முட்டி போட்டு நின்றேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: காலியாக ஒரு வெள்ளைச் சீட், அதற்குக் கீழே அவளுடைய எண்ணெய் காணாத தலை. வண்டி குலுங்கும்போதெல்லாம் தலை சீட்டின் ஓரத்தில் இடித்தது. எனக்குப் பக்கத்தில் டாக்டர் மருந்துப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பல் அடித்துக்கொண்டதில் என்ன சொன்னார் என்று புரியவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று நான் கேட்கவும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் முன்னால், வண்டிச் சத்தத்துக்கு மேல், குழந்தை அழுதது கேட்டது. "அம்மா, அழுவுது" என்றார் டிரைவர், நான் ஏதோ செவிடு மாதிரி. வாசலில் இறக்கி வாங்கும்போது பாதம் வெதுவெதுப்பாக இருந்தது. மரப்பெட்டியில் வைத்தேன். பால் இறங்கியது. அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது. தை முடிவதற்குள் தாயும் மகளுமாக ஊருக்குப் போனார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அடுத்த நாள் காலையில் நடந்தது.

வார்டிலிருந்து வெளியே வந்தேன். துணி காயப்போடுகிற கயிற்றில் அந்த வெள்ளை உறை தொங்கிக்கொண்டிருந்தது. சொட்டச் சொட்ட, அப்போதுதான் துவைத்துப் போட்டது. நீலப்பூ வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. வெள்ளிக்கிழமை வண்ணான் வரும்போதுதான் அது துவைக்கப் போகும். அன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லை.

டாக்டர்தான் சொல்லியிருப்பார் என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. இன்றைக்கு ஒரு வழி பண்ணிவிடுகிறேன் என்று அவர் அறையைப் பார்த்து நடந்தேன். வழியில் டிரைவர் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாருண்ணா அத தொவைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா" என்றார். "நானேதான் தொவச்சேன். அய்யா கேக்கறதுக்கு முந்தியே பண்ணிரலாம்னு."

எனக்காக மழையில் படுத்துக் கிடந்து பைப் சுற்றிய மனுஷன். "அவ அதுல உக்காரவே இல்லையேண்ணா. நீங்க பாத்துட்டுதான வந்தீங்க?"

"உக்காரலம்மா, அதெல்லாம் உக்காரல" என்றார் அவசரமாக, அவளுக்காகப் பரிந்து பேசுகிற மாதிரி. "ஆனா தல பட்டுச்சு இல்லீங்களா."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வன்மம் எதுவும் இல்லை. சக்கரத்தில் காற்று இறங்கியிருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். டாக்டர் என்றால் கத்தியிருப்பேன். மெட்ராஸ்காரர் என்றால் மனசுக்குள் சபித்திருப்பேன். இவரை என்ன செய்வது? குழந்தை அழுதபோது என்னைவிட முதலில் சந்தோஷப்பட்டவர் இவர்தான். ராத்திரி அந்தப் பெண்ணுக்குத் தன் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து கொடுத்ததும் இவர்தான். கொடுத்துவிட்டு, விடிந்ததும் எழுந்து உறையைத் துவைத்திருக்கிறார்.

திரும்பிக் கயிற்றுக்குப் போனேன். உறையை உருவி எடுத்தேன். ஈரத்துணி சுலபமாகக் கிழியாது. வார்டுக்குள் போய்க் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து, ஓரத்தை வெட்டிவிட்டு, கம்பளியைக் கிழித்த மாதிரி பட்டை பட்டையாகக் கிழித்தேன். டாக்டர் அறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கேட்டிருந்தால் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது.

சுருட்டி டிரைவர் கையில் வைத்தேன்.

"காஞ்சதும் பைப்புல சுத்துங்க" என்றேன். "இன்னொரு சுத்துக்கு எடம் இருக்கு."

அவர் என்னையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டார். மத்தியானம் நான் பார்த்தபோது வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, சணலைப் பல்லில் கடித்துக்கொண்டு, பழைய கித்தானைப் பிரித்து அந்தத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார். நீலப்பூ வெளியே தெரியாதபடி உள்பக்கமாகத் திருப்பித்தான் சுற்றினார்.